முயல் தின்னாமல் மூலையில் உட்கார்ந்தால்: புழுக்கைத் தட்டிலிருந்து பிழை தேடும் வழி

மலையகத்தில் ஒரு முயல் சுருண்டு உட்கார்ந்தால் உடனே வருகிற தீர்ப்பு, "குளிர் பிடித்துவிட்டது" என்பதுதான். உரச்சாக்கை இழுத்துக் கூட்டின்மேல் போர்த்துவார்கள். பெட்டியோடு தூக்கி அடுப்படிக்குக் கொண்டுவருவார்கள். அம்மாயி ஓமத்தண்ணீர் காய்ச்சுவார். நானும் அப்படித்தான் என் முதல் முயலைப் பறிகொடுத்தேன். இரண்டு இரவும் ஒரு பகலும் அதற்குக் குளிர் என்றே நினைத்திருந்தோம். அந்த நேரம் முழுவதும் அதன் குடல் நின்றுபோய்க் கிடந்தது. கூட்டுக்கு அடியில் இருந்த தகரத் தட்டு துடைத்தது போல் இருந்ததைப் பார்த்து, 'நல்லது, இன்றைக்குக் கழுவுகிற வேலை மிச்சம்' என்று நான் நினைத்ததும் உண்மை.

நல்ல நிலையில் உள்ள முயல் குளிரைத் தாங்கும். ஜனவரி இரவில் நுவரெலியாவில் புல்நுனியில் பனி உறையும்போதுகூட, காற்றும் ஈரமும் புகாத கூட்டில், வைக்கோல் தாராளமாகப் போட்டிருந்தால் அது கலங்காது. அதைச் சாகடிப்பது பெரும்பாலும் வயிறு. வயிற்றின் சேதி முதலில் வந்து விழுகிற இடம் அந்தத் தகரத் தட்டு. அதனால்தான் இங்கே நோயின் பெயரில் தொடங்காமல், நீங்கள் கண்ணால் காண்பதிலிருந்து தொடங்குகிறேன்.

சரியான தட்டு எப்படி இருக்கும்

மாடு முன்வயிற்றில் புளிக்கவைத்துச் செரிக்கிறது. முயல் அதைப் பின்பக்கம் செய்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் அதற்கு ஒரு பெரிய பை உண்டு. நாரை உடைக்கும் நுண்ணுயிர்கள் குடியிருப்பது அங்கேதான். முரட்டு நார் அந்தப் பைக்குள் போகாமல் நேராகக் கடினப் புழுக்கையாக வெளியேறும். பைக்குள் புளித்த பகுதி, சிறிய திராட்சைக் குலை போல ஒட்டிக்கொண்டு, பளபளப்பாக, மென்மையாக வரும். இந்த மென்புழுக்கையை முயல் ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்துத் தின்றுவிடும். பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அதற்கு வேண்டிய பி விட்டமின்களும் நல்ல புரதமும் அதில்தான் இருக்கின்றன. தடுத்தால் முயல் மெலியும்.

ஆகவே காலையில் தட்டில் கிடக்க வேண்டியது ஒரே வகைதான். கடலை அளவில், உருண்டையாக, காய்ந்து, விரலால் நசுக்கினால் உள்ளே புல்துகள் தெரிகிற புழுக்கை. வளர்ந்த முயல் ஒரு நாளைக்கு 200 முதல் 300 வரை போடும். யாரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு வாரம் தினமும் பார்த்தால், உங்கள் முயலின் வழக்கமான அளவு எது என்று கண்ணே சொல்லிவிடும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. வாய்வழி போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்தப் பாதை நின்றால் வேறு பாதை இல்லை.

தின்னவில்லை, தட்டும் வெறுமை

மாலை ஆறு மணிக்கு வைத்த புல் காலை ஆறு மணிக்கும் அப்படியே கிடக்கிறது, தட்டிலும் ஒன்றும் இல்லை என்றால், அது அவசரம். 'இன்றைக்குப் பார்த்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம்' என்பது நாய்க்குப் பொருந்தலாம். முயலுக்குப் பன்னிரண்டு மணி நேரமே நீண்ட பட்டினி.

பயப்படுவதற்கு முன் நான்கு காரியங்கள் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும். காதைத் தொட்டுப் பாருங்கள். காதின் அடிப்பகுதி ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால் உடல்வெப்பம் இறங்குகிறது என்று பொருள். முயலின் வழக்கமான உடல்வெப்பம் 38.5 பாகை செல்சியசை ஒட்டியும் அதற்குக் கொஞ்சம் மேலேயும் இருக்கும். பிறகு வயிற்றை விரல்களால் மெதுவாகத் தடவுங்கள். பிசைந்த மாவு போல் இருக்கிறதா, காற்றடைத்த பந்து போல் இருக்கிறதா? மூன்றாவதாக, அதற்கு மிகவும் பிடித்த தீனி எதுவோ அதில் ஒரு நுனி, மல்லி இலையோ வேறெதுவோ, மூக்கருகில் நீட்டுங்கள். கடைசியாக, சும்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுங்கள். தடவும்போது முயல் மெல்லப் பல் உரசுவது சுகத்தில். யாரும் தொடாமல், முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, வெளியே கேட்கும்படி நறநறவென்று கடித்தால் அது வலி.

வயிறு மாவு போல் இருந்து, நேற்றோ முந்தாநாளோ தொடங்கி மெல்ல மெல்லத் தீனி குறைந்து வந்திருந்தால், குடல் இயக்கம் மந்தமாகி நின்றிருக்கிறது. இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வைத்தியம் விளங்கிவிடும். நார் குறைந்தால் குடல் தளர்கிறது. தளர்ந்த குடலில் நிற்கும் தீனியிலிருந்து உடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பது களிமண் போல் இறுகும். நல்ல நுண்ணுயிர்கள் ஒடுங்க, வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகும். வாயு வலி தரும். வலித்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் நார் இன்னும் குறையும். செக்குமாடு போல இந்தச் சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும், யாராவது இடையில் நிறுத்தும் வரை. கொழுத்த முயலானால் பட்டினியில் ஈரலிலும் கொழுப்பு படிந்து, சீக்கிரம் கைமீறும்.

தொடக்கம் எப்போதும் தீனியில்தான் என்று சொல்ல முடியாது. வேறெங்கோ உள்ள வலி, பல் கோளாறு, கவிழ்ந்து கிடந்த தண்ணீர்ப் பாத்திரம், வீடு மாறியது, நாய் கூட்டைச் சுற்றிக் குரைத்தது, எல்லாமே குடலை நிறுத்தும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தீபாவளிப் பட்டாசுக்கு மறுநாள் காலை நான் எல்லாக் கூட்டையும் இரண்டு தடவை பார்ப்பேன்.

வைத்தியரிடம் போகும் வரை செய்யக்கூடியது: சுடுநீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், விலகிக்கொள்ள இடம் விட்டு. கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். நோயுற்ற முயலுக்கு உறிஞ்சு போத்தலைவிடக் கிண்ணம் எளிது. வயிறு மிருதுவாக இருந்து, முயல் விழிப்பாகவும் இருந்தால் மட்டும், பெலட்டை (கடையில் விற்கும் முயல்தீனிக் குளிகையை) வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிறிஞ்சில் ஊட்டலாம். முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டு இடைவெளியில் நுனியை வைத்து, ஒரு தடவைக்கு ஒரு மில்லிலீற்றர். மென்று விழுங்கிய பிறகு அடுத்தது. இரண்டு கிலோ முயலுக்கு ஒரு வேளைக்கு 15 முதல் 20 மில்லிலீற்றர், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. மல்லாக்கப் போட்டு ஊட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பால், சீனித்தண்ணீர், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், ஓமத்தண்ணீர் எதுவும் வேண்டாம். கைக்குழந்தைகளுக்கான வாயு மருந்து, அதாவது சிமெத்திகோன், கெடுதல் செய்யாது. ஆனால் அதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கப்போவதுதான் கெடுதல்.

வைத்தியர் செய்வதில் முக்கியமானவை வலி நீக்குவதும் தோலுக்கடியில் நீரேற்றுவதும். இவற்றில் வலி மருந்து வீட்டில் கிடையாது. பாமசியில் மனிதருக்கு வாங்கிய வலி மாத்திரையை உடைத்துப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும், தயவுசெய்து வேண்டாம்.

வயிறு திடீரென்று உப்பி இறுகியது

நேற்றிரவு நன்றாகத் தின்ற முயல். காலையில் கை கால் நீட்டிப் படுத்திருக்கிறது, காது சில்லிட்டிருக்கிறது, வயிறு நெருப்பில் காட்டி எடுத்த தப்பின் தோல் போல் விறைத்திருக்கிறது.

ஊட்டாதீர்கள். வயிற்றை அமுக்காதீர்கள். உடனே கிளம்புங்கள். இது குடல் அடைப்பாக இருக்கலாம். மேலே வாயுவும் நீரும் சேர்ந்து வயிறு வீங்க, கீழே எதுவும் நகராது. இங்கே கூழ் ஊட்டினால் அடைப்புக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் சேர்த்து அடைத்ததாகவே ஆகும். மந்தமான குடலுக்கும் அடைத்த குடலுக்கும் வேறுபாடு காண, வைத்தியர் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சீனி பார்ப்பதுண்டு. அடைப்பில் அது வெகுவாக ஏறியிருக்கும். நீரிழிவுக்காரர் வீட்டில் உள்ள அதே சிறு கருவி போதும் என்பதால், சிறிய கிளினிக்கிலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

அடைப்பது பெரும்பாலும் இறுகிய முடிக்கட்டி. இல்லாவிட்டால் துணி, பிளாஸ்டிக், காய்ந்த பட்டாணி. நம் பக்கத்தில் நான் சந்தேகப்படும் முதல் பொருள் உரச்சாக்கு. குளிர் என்று அன்பாகப் போர்த்துகிறோமே, அதன் ஓரத்தில் பிரிந்த பிளாஸ்டிக் இழைகளை முயல் இரவெல்லாம் பொறுமையாக இழுத்து மெல்லும்.

புழுக்கை சிறுத்தது, கோணியது, மாலை கோத்தது

இது எச்சரிக்கை மணி. இன்னும் நேரம் இருக்கிறது. மிளகு அளவுக்குச் சிறுத்து, கருத்து, கல் போல் இருந்தால் தண்ணீரும் நாரும் போதவில்லை. முயல் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் தண்ணீர் குடிக்கும்; பச்சைப் புல் தின்றால் அதைவிடக் குறைவு. பனிநாளில் கிண்ணத்துத் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தால் சில முயல்கள் தயங்கும். காலையும் மாலையும் இளஞ்சூட்டில் மாற்றி வையுங்கள்.

புழுக்கைகள் முடியில் கோத்த மாலையாக வந்தால் முயல் முடி உதிர்க்கும் காலம். தினமும் வாரிவிடுங்கள், உலர்புல்லைக் கூட்டுங்கள். வயிற்றில் முடி சேர்ந்ததால்தான் நோய் வந்தது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் தலைகீழ்: குடல் நன்றாக ஓடினால் முடியும் கூடவே போய்விடும், குடல் தளர்ந்ததால்தான் முடி தங்கியது. அன்னாசிச் சாறு கொடுத்தால் முடி கரையும் என்பதும் வெறும் நம்பிக்கை. அதிலுள்ள சீனி மட்டும் உண்மை.

பின்புறத்தில் களி அப்பியிருக்கிறது

இதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி அலறுகிறவர்கள் அதிகம். தட்டைப் பாருங்கள். தட்டில் நல்ல உருண்டைப் புழுக்கைகளும் இருந்து, பின்புறத்தில் மட்டும் கறுப்பாக, நாற்றமடிக்கும் பசை ஒட்டியிருந்தால் அது வயிற்றுப்போக்கு அல்ல. முயல் தின்ன வேண்டிய மென்புழுக்கையைத் தின்னாமல் விட்டிருக்கிறது, அல்லது அது உருவமில்லாமல் குழைந்து வருகிறது.

காரணம் அநேகமாக உங்கள் கைதான். பெலட் அதிகம், பாண் துண்டு, ரொட்டித் துண்டு, மாரி பிஸ்கட், வாழைப்பழம். வீட்டில் சிறுவர் இருந்தால் விசாரணை தேவையே இல்லை. இரண்டு வாரத்துக்கு எல்லா இனிப்பையும் மாவையும் நிறுத்துங்கள். பெலட்டை ஒரு கிலோ எடைக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போகாமல் குறைத்து, புல்லைக் குவித்து வையுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகும். ஆகாவிட்டால் முயல் மிகவும் கொழுத்து, திரும்பி ஆசனவாயை எட்ட முடியாமல் இருக்கலாம். வயதானதற்கு முதுகெலும்பு வலி இருக்கலாம்.

களியை வெதுவெதுப்பான தண்ணீர்த் துணியால் ஒற்றி எடுத்து, நன்றாகத் துவட்டுங்கள். முழுதாகக் குளிப்பாட்ட வேண்டாம். தள்ளிப்போடவும் வேண்டாம்: அந்த நாற்றத்துக்கு ஈ வரும், முட்டையிடும், ஒரு நாளைக்குள் புழு தோலைத் துளைக்கத் தொடங்கும். நுவரெலியாக் குளிரில் இது குறைவு. பதுளை, கண்டிப் பக்கம் வெயில் நாட்களில் தினமும் வாலைத் தூக்கிப் பாருங்கள். புழு கண்டால் அன்றே வைத்தியர்.

உண்மையாகவே தண்ணீராகப் போகிறது

தட்டில் உருண்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் நீர், அல்லது முட்டை வெள்ளைக்கரு போன்ற சளி. வளர்ந்த முயலுக்கு இது அபூர்வம்; வந்தால் ஆபத்து. குட்டிக்கு அடிக்கடி வரும், அதைவிட ஆபத்து. ஒரு குட்டி காலையில் கழிந்து மாலையில் இறந்ததைப் பார்த்தவர்கள், 'கண் பட்டுவிட்டது' என்று மிளகாய் சுற்றிப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். மறுநாள் அடுத்த குட்டி.

பால் மறக்கும் பருவத்துக் குட்டிகள் வரிசையாக விழுந்தால் முதல் சந்தேகம் கொக்சிடியா. எய்மீரியா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி குடல் சுவரைச் சிதைக்கும். அதில் ஒரு வகை ஈரலைப் பிடிக்கும். வயிறு தொந்தி போல் பருத்து, முதுகெலும்பு துருத்தி, கழிச்சலில் சில நேரம் இரத்தமும் இருக்கும். நம் மலைக்கு இது ஏன் பிடித்துப்போயிற்று என்றால், புழுக்கையோடு வெளியே வரும் அதன் முட்டை உடனே தொற்றாது. ஈரமும் காற்றும் கிடைத்து, சில நாள் பக்குவப்பட வேண்டும். மூன்று மாதம் மழை நிற்காத இடத்தில், மண்தரைக் கூட்டில், அதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பும். தினமும் தட்டைச் சுரண்டி, படுக்கையை மாற்றினால் முட்டை பக்குவப்படுவதற்கு முன் வெளியேறிவிடும். சாதாரண கிருமிநாசினி அதன் ஓட்டைத் துளைக்காது, கொதிநீர் ஊற்றுங்கள். கூட்டைத் தரையிலிருந்து இடுப்பளவு உயர்த்துங்கள். தீனியைத் தரையில் போடாதீர்கள். மருந்து உண்டு, புழுக்கையை நுணுக்குக்காட்டியில் பார்த்து வைத்தியர் தருவார். நோயுற்ற குட்டியோடு இருந்த மற்றவற்றையும் காட்டுங்கள், அவை நன்றாகத் துள்ளினாலும்.

குட்டிகளை ஆறு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். சந்தையில் நான்கு வாரக் குட்டியை 'இதுதான் பழகும்' என்று தருவார்கள். பழகுவதற்கு அது உயிரோடு இருக்க வேண்டும்.

மரக்கறித் தோட்டத்துக் கழிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் கோவாவின் (முட்டைக்கோஸின்) வெளி இலையும் கரட் தழையும் இலவசமாகக் கிடைக்கும். அதுவே முயல் வளர்க்கத் தூண்டுகிறது, அதுவே கொல்கிறது. கரட் தழை நல்லது. கரட் கிழங்கு இனிப்பு, ஒரு துண்டு போதும். கோவா இலை வாயு. கை நிறைய வேண்டாம். லீக்ஸ் பச்சை இலை கூடவே கூடாது, வெங்காயக் குடும்பம், இரத்தத்தைக் கெடுக்கும். உருளைக்கிழங்குச் செடி, தக்காளிச் செடி, ருபார்ப் இலை, ஆனைக்கொய்யா (அவகாடோ) இலை, நாயுண்ணிச் செடி ஆகியவை நஞ்சு. நேற்று மருந்தடித்த பாத்தி எது என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் எதையும் அள்ளாதீர்கள். தேயிலை மலையில் களைக்கு மருந்தடித்த பிறகு அங்கே புல் அறுப்பதும் அப்படியே.

ஆசையாக வருகிறது, வாயில் எடுக்கிறது, கீழே போடுகிறது

பசி இருக்கிறது, வாய் வலிக்கிறது. முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வளரும். முன்பல் மட்டுமே வாரத்துக்கு 2 மில்லிமீற்றர் அளவில். புல்லை அரைத்து அரைத்துத் தேயாவிட்டால் உள்ளே கடைவாய்ப்பல் கூர்மையாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். வாயோரம் ஈரம், தாடை முடி ஒட்டிப்போதல், ஒரு கண்ணில் நீர், புல்லை விட்டுவிட்டு மிருதுவான இலையை மட்டும் பொறுக்குதல் ஆகியவை அடையாளம். முன்பல் நேராக இருப்பதைப் பார்த்துப் பல் சரி என்று முடிவு செய்யாதீர்கள். தகராறு பின்னால் இருக்கிறது, அதை வைத்தியரின் விளக்குதான் காட்டும். நகவெட்டியால் பல்லை நறுக்குகிற வேலை வேண்டாம், நெடுக்காகப் பிளந்துவிடும்.

மருந்து கொடுத்த பிறகு மோசமானது

புண்ணுக்கோ தும்மலுக்கோ, வீட்டில் மிஞ்சியிருந்த அமொக்சிசிலின் கொடுத்தீர்களா? சில நாளில் முயல் கழிந்து சோர்ந்தால் அதுதான் காரணம். அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் குடற்பையில் உள்ள நல்ல கூட்டம் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிளொஸ்ட்ரிடியம் வகைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உடனே நிறுத்தி, மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடுங்கள். முயலுக்கு ஏற்ற வேறு மருந்துகள் இருக்கின்றன.

கினிப்பன்றிக்கும் சின்சில்லாவுக்கும் இதே எச்சரிக்கை. அவற்றின் வயிறும் ஏறத்தாழ இதே அமைப்பு, அவற்றாலும் வாந்தி எடுக்க முடியாது. அந்தீஸ் மலையில் வறண்ட குளிரில் பிறந்த சின்சில்லாவுக்கு நம் மலையின் குளிர் பிடிக்கும், மூடுபனி பிடிக்காது. பச்சை இலையும் முயலுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைவாகவே கொடுக்க வேண்டும்.

மூத்திரம் சிவப்பு

தீனியில் உள்ள நிறமிகளால் முயலின் மூத்திரம் மஞ்சள் முதல் செங்கல் நிறம் வரை மாறும். தின்று ஓடி விளையாடினால் விடுங்கள். சொட்டுச் சொட்டாக முக்கினால், அல்லது திட்டாக இரத்தம் கண்டால், வைத்தியர்.

மூடுபனியில் புல் காயவைப்பது

மேலே சொன்னவற்றில் பாதிக்கு மருந்து ஒன்றே: நாளும் பொழுதும் கூட்டில் புல் இருக்க வேண்டும். தீனியில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் புல். ஈரப்புல் தின்றால் வயிறு போகும் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. அன்று அறுத்த பச்சைப் புல் மழையில் நனைந்திருந்தாலும், பழகிய முயலுக்குக் கெடுதல் இல்லை. சாக்கில் திணித்து ஒரு நாள் வைத்தால் உள்ளே சூடேறிப் புளிக்கும். கையை விட்டுப் பார்த்தால் தெரியும். அந்தப் புல்தான் வயிற்றைக் கெடுக்கிறது. உலர்புல் மட்டும் தின்ற முயலுக்குப் பச்சைப் புல்லைத் திடீரென்று கொட்டாதீர்கள். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக.

காயவைக்க நாள் பார்க்க வேண்டும். ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை வெயில் நம்பலாம். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை துணியே காயாது. ஊவாப் பக்கம் தலைகீழ்: பண்டாரவளையில் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் வறட்சி, ஆண்டு முடிவில் மழை. இரண்டு பக்கமும் உறவினர் உள்ளவர்கள் கொடுத்து வாங்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். என் மைத்துனர் ஓகஸ்டில் ஆறு மூட்டை புல்லை பஸ்ஸில் போட்டு அனுப்புவார், நான் பெப்ரவரியில் திருப்பி அனுப்புவேன். நடத்துனர்கள் எங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ.

தாழ்ந்த இடங்களில் கினிப்புல், உயரத்தில் அம்பேவலப் பண்ணைப் பக்கம் பரந்து கிடக்கும் கிக்குயுப் புல். பூக்கும் முன் அறுங்கள். மானாப்புல்லை என் முயல்கள் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். அடுப்புக்கு மேல் பரணில் காயவைத்தேன். புகைநாற்றம் ஏறி, அதையும் தொடவில்லை. இப்போது இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) ஒளிபுகும் தகடு ஒன்றின் கீழ், மூங்கில் தட்டியில் மெல்லப் பரப்பி, நாளுக்கு இரண்டு தடவை புரட்டுகிறேன். பொலித்தீன் கூடாரம் வைத்திருக்கும் தோட்டக்காரர் ஒரு மூலை தந்தால் இன்னும் நல்லது. தண்டை முறுக்கினால் ஒடிய வேண்டும், பச்சை நிறம் கொஞ்சம் மிஞ்ச வேண்டும், வாசம் தேயிலைத் தொழிற்சாலையின் வாடுகூடம் போல இனிக்க வேண்டும். வெண்தூசி பறந்தாலோ மண்வாடை அடித்தாலோ அது பூஞ்சணம். மாட்டுக்கும் போடாதீர்கள், குழியில் போடுங்கள். நெல் வைக்கோலில் சத்து குறைவு. படுக்கைக்கு மிக நன்று, மழைமாதத்தில் மெல்லவும் உதவும்.

வைத்தியரிடம் கொண்டுபோகும்போது

முதலில் உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தொலைபேசுங்கள். அங்கே மாடுகளே அதிகம் என்றாலும் நீரேற்றவும் வலி குறைக்கவும் முடியும். மேல்சிகிச்சைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்துப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர், ரம்பொடை வளைவுகளோடு சேர்த்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே மதியம் வரை பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்ற கணக்கு வேண்டாம்.

காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டி, அடியில் வைக்கோல், ஒரு பக்கம் துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தல், மேலே மெல்லிய துணி, வாயருகே ஒரு பிடி புல். கூட்டாளி முயல் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். தனியாகப் போகும் முயலுக்கு அச்சமே இன்னொரு நோய். கீழே இறங்க இறங்க வெப்பம் ஏறும் என்பதால், கம்பளையைத் தாண்டியதும் போத்தலை எடுத்துவிடுங்கள். கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு பையில் கட்டிக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது போட்டது, என்ன தீனி, என்ன மருந்து என்று தாளில் எழுதிவையுங்கள். பஸ் இறங்கிய களைப்பில் நேரம் மறந்துபோகும்.

திரும்பி வந்த அன்று கூட்டில் வெள்ளைத் துணி விரியுங்கள். முதல் புழுக்கைகள் சிறுத்து, கோணலாக, சளி பூசி வரும். அது நல்ல செய்தி. அவை பழையபடி கடலை அளவுக்கு வர மூன்று நான்கு நாளாகும். அதுவரை மருந்தை நிறுத்தாதீர்கள், இரவு ஒரு மணிக்கும் ஒருமுறை எழுந்து துணியைப் பாருங்கள்.